பதினெட்டு டிகிரி

பெருநாள் விடுமுறை மூன்று நாள்.
ரூவியில் நாற்பத்தாறு.
பச்சை மலைமேல் ஒரு குடில் பேசி முடித்தான் நைனார்,
ஆளுக்குப் பதினைந்து ரியால்,
கறிக்கும் கரிக்கும் தனிக் கணக்கு.

நாலு பேரும் ஏ.சி. மெக்கானிக்குகள்.
குளிரை விற்றுப் பிழைக்கிறவன்
குளிரைக் காசு கொடுத்து வாங்கப் போகிறானாம்,
ஜெபசிங்குக்கு நிஸ்வா வரை சிரிப்பு அடங்கவில்லை.

பிர்கத் அல் மௌஸில் காவல் சாவடி.
போலீஸ்காரர் குனிந்து எங்கள் சக்கரங்களைப் பார்த்தார்.
நாலு சக்கரமும் இழுக்கிற வண்டிதான் மேலே போகலாம்.
"நாலு இருக்கே, எண்ணிப் பாக்கச் சொல்லு"
என்றான் செல்லப்பாண்டி.
தமிழில்.
நல்லவேளை.

பேரீச்சை நிழலில் காரை விட்டுவிட்டு
ஸுலைம் என்கிறவரின் டபுள் கேபினில் ஏறினோம்.
பின்னால் குதிரைமசால் கட்டுகள்,
அவற்றின் நடுவே மசாலா தடவிய எங்கள் கோழி.
வளைவுக்கு வளைவு
ஜன்னலுக்கு வெளியே தெர்மாமீட்டரை நீட்டினேன்,
தொழில் புத்தி.
நாற்பத்துமூன்று.
முப்பத்தெட்டு.
முப்பத்துமூன்றில் காது அடைத்தது.
இருபத்தொன்பதில் ஸுலைம் ஏ.சி.யை அணைத்தார்,
நாலு பேருக்கும்
யாரோ சட்டையைக் கழற்றியது போல் இருந்தது.

குடிலுக்குள் நுழைந்ததும்
மலையைப் பார்க்கவில்லை நாங்கள்,
சுவரைப் பார்த்தோம்.
ஏ.சி. இல்லை.
மாட்டுவதற்கு ஓட்டைகூட இல்லை.
"இந்தப் பக்கம் நமக்கு வேலை கெடைக்காது"
என்றான் நைனார், கொஞ்சம் வருத்தமாக.

ராத்திரி பதினெட்டு.
கோழி முடிந்தது, கம்பளி வந்தது,
உறக்கம் வரவில்லை.
பதினோரு வருடமாகத் தலைமாட்டில் ஓடுகிற ஓசை
திடீரென்று இல்லை.
நட்சத்திரம் அத்தனை இருந்தும்
ஒன்றுகூடச் சத்தம் போடவில்லை.
எங்கேயோ ஒரு கழுதை,
பிறகு அதுவும் இல்லை.
இரண்டு மணிக்கு ஜெபசிங் எழுந்து போய்
ஃபிரிட்ஜின் கதவை இரண்டு விரல் அகலத்துக்குத்
திறந்து வைத்துவிட்டு வந்தான்.
அது முனக ஆரம்பித்தது.
யாரும் எதுவும் சொல்லவில்லை.
தூங்கிவிட்டோம்.

காலையில் வாதி பனீ ஹபீப்.
படிகள் இறங்க இறங்க
ஆளில்லாத மண்வீடுகள் எதிர்ப்பாறையில்.
அக்ரூட் மரத்தடியில் உதிர்ந்து கிடந்த பச்சைக் காய்களைக்
கல்லால் தட்டித் தின்றோம், வாய் துவர்த்தது.
செல்லப்பாண்டி ஒரு குட்டையில் குதித்து
முழங்கால் ஆழத்தில் நீந்தினான்.
கறை பிறகுதான் தெரிந்தது.
பத்து விரலும் கறுப்பு.
சோப்பு போட்டோம், மணல் போட்டோம், போகவில்லை.
லீவு போட்டும்
கையில் கிரீஸ்.

ஏறி வருகையில், விளிம்பில்,
சிக்னல் கிடைக்கிற ஒரே பாறையில்
என் போன் அடித்தது.
குர்மிலிருந்து ஒரு அம்மா.
ஏ.சி. நின்று இரண்டு மணி நேரம்,
பின்னால் குழந்தை வீறிடுகிறது.
"பிரேக்கரை ஆஃப் பண்ணுங்கம்மா.
அஞ்சு நிமிஷம். வைக்காதீங்க, லைன்லயே இருக்கேன்."

ஐந்து நிமிடம் நாலு பேரும் நின்றோம்.
எதிரே மலை கீழே கீழே போய்க்கொண்டிருந்தது.
ஒரு வெள்ளாடு
நைனாரின் தொப்பியை மென்று பார்த்துத் துப்பியது.

"இப்போ போடுங்க."

ஸ்பீக்கரில் முதலில் ஒரு டக்.
அப்புறம் அந்த முனகல்,
கொஞ்சம் தடுமாறி,
பிடித்துக்கொண்டது.
ஜெபசிங் கண்ணை மூடிக்கொண்டான்.
"கண்டென்சர்ல தூசி இருக்கு" என்றான்,
நாடி பார்த்தவன் போல.

"நீங்க எங்க இருக்கீங்க, சத்தமே இல்லையே?"
என்றார் அந்த அம்மா.
"அங்கேயும் சூடுதானா?"

காற்று சட்டைக்குள் புகுந்து
முதுகில் உப்பியது.
கறுத்த விரல்களைக் கக்கத்தில் சொருகிக்கொண்டு
ஆமாம்மா என்றேன்,
சரியான சூடு.