வகை: கார் / ஜீப் / வேன்

கிருஷ்ணகிரி சுங்கச்சாவடி, ஏழாம் தடம்.
இரவு இரண்டேகால்.
கறுப்பு வெள்ளையில் கோலத்தைக் கலைத்துப் போட்டதுபோல்
உடம்பெல்லாம் ஒட்டுத்தாள் சுற்றி,
பெயர் மறைத்த ஒரு கார்
வாரத்துக்கு இருமுறை ஓசூர்ப் பக்கமிருந்து வருகிறது.
தரையோடு தரையாய் ஊர்வதால்
என் கூண்டுக்குக் கூரை மட்டும்தான் தெரியும்.
மற்றதெல்லாம் யூகம்.

பின்னால் நாலு குழல் பார்த்தேன் என்கிறான்
கிரேன் ஓட்டும் திம்மராயன்.
நாலு என்றால் உச்ச வகை,
எண்பதுக்குக் குறையாது.
ரெண்டுதான், மற்றது சும்மா ஓட்டை
என்கிறான் கேண்டீன் சபியுல்லா.
அப்போ நடு வகை,
அறுபத்திரண்டு, சன்ரூஃபுக்குத் தனிக் காசு.
லட்சம் என்ற சொல்லை
எப்போதோ விட்டுவிட்டோம்.
எண்பது, அறுபத்திரண்டு என்று சொன்னால்
டீக்கடை பாக்கி மாதிரி இருக்கிறது.

ஒட்டுத்தாள் கிழிந்து
சக்கரத்துக்குள் சிவப்பாய் எதுவோ தெரிந்த அன்று
ஒரே ராத்திரியில் விலை ஏழு ஏறியது.
அடுத்த முறை பார்த்தால் செம்மண்.
இறங்கியது.

ஆயுள் வரி கூட்டினியா?
கூட்டினேன்.
இன்சூரன்ஸ்?
அதுவும்.
புதுச்சேரியில பதிஞ்சா?
அங்க யார் அட்ரஸ் குடுப்ப?
இந்தக் கேள்விக்கு சபியுல்லா
உண்மையாகவே யோசித்தான்.
மச்சான் வீடு காரைக்காலில் இருக்கிறதாம்.

ஆம்புலன்ஸ் இருதயராஜ் விலை கேட்பதில்லை.
கீழ் வகையில எத்தனை காற்றுப்பை? என்றான் ஒருநாள்.
ஆறு, என்றோம்.
மேல் வகையில?
எட்டு.
பீடியை அணைத்துவிட்டுப் படுக்கப் போய்விட்டான்.

நான் ஷிப்ட் நோட்டின் கடைசிப் பக்கத்தில்
ஐம்பத்தைந்து என்று எழுதியிருக்கிறேன்.
யாரும் பேசாத கீழ் வகை.
துணி இருக்கை, சாதாரணச் சக்கரம்,
வெள்ளை நிறம் மட்டும்.
அதையும் யாரோ ஒருவர்
ஆசைப்பட்டுத்தானே வாங்குவார்.

இது வைகாசி.
திம்மராயனுக்குக் காவேரிப்பட்டணம் தாண்டி
எழுபது மாமரம், அத்தனையும் பெங்களூரா.
கூழ் ஆலைக்காரர்கள் இன்னும் விலை சொல்லவில்லை.
கேட்டால்
கிலோ ஆறோ ஏழோ என்று வானத்தைப் பார்ப்பான்.
கார் விலையென்றால் ஐயாயிரம்கூடப் பிசகாது அவனுக்கு.

நேற்று ஃபாஸ்டேக் படிக்கவில்லை.
கண்ணாடி இறங்கியது.
டாஷ்போர்டு முழுக்கக் கறுப்புத் துணி போர்த்தி,
இருக்கை மேல் ஈரத் துண்டு விரித்து,
பனியனோடு ஒரு மனிதர்.
தயங்கித்தான் கேட்டேன்:
என்ன விலைங்க வரும்?
எங்களுக்கு யாரும்மா சொல்றாங்க.
ராத்திரி முந்நூறு கிலோமீட்டர் ஓட்டணும்,
விடிஞ்சா சாவியக் குடுக்கணும்.
பிறகு அவரே,
நீங்க எவ்வளவுன்னு நெனைக்கிறீங்க?
ஐம்பத்தைந்து, என்றேன்.
நான் நாப்பத்தெட்டுன்னு
வீட்ல சொல்லி வெச்சிருக்கேன், என்று சிரித்தார்.

திரை கேட்டது: வாகன வகை?
பட்டியலில் அதற்கென்று எதுவும் இல்லை.
கார், ஜீப், வேன் என்ற பொத்தானை அமுக்கினேன்.
டேக் படிக்காததால் ரெட்டிப்பு.
ரசீதைக் கேட்டு வாங்கிக்கொண்டார்,
கம்பெனியில் காட்ட வேண்டுமாம்.
கட்டை தூக்கியதும்
எட்டிப் பார்த்தேன், நாலா ரெண்டா.
அதற்குள்
பின்னால் நின்ற மாங்காய் லாரியின் விளக்கு
முகத்தில் அடித்தது.

கிரேனை விட்டிறங்கி ஓடிவந்தான் திம்மராயன்.
ஏக்கா, பாத்தியா?
அன்று மதியமும் ஆலையிலிருந்து
தகவல் எதுவும் வரவில்லை அவனுக்கு.

நாலுதான், என்றேன்.