கோரம்

சங்கத்தின் அலுவலகம் மாடியில் இருக்கிறது.
பதினேழு படி.
வாடகை எங்களுக்கு எட்டியது அங்கேதான்.
அதனால் பீரோ மேலே, ரப்பர் ஸ்டாம்ப் மேலே,
பதிவுச் சான்றிதழ் கண்ணாடி போட்டு மேலே.
சங்கம் மட்டும் கீழே,
படிக்கட்டுக்கு அடியில்,
உரக்கடைத் தராசுக்குப் பக்கத்தில்,
மாதத்தின் இரண்டாம் ஞாயிறு, பத்தரை மணிக்கு.
ஏறி இறங்கி மினிட் நோட்டை எடுத்துவர
ஒருத்தி வேண்டும் என்றுதான்
என்னைச் செயலாளர் ஆக்கினார்கள்.

பாலக்கோட்டில் அன்றைக்குத் தக்காளி கிலோ இரண்டு ரூபாய்.
மண்டி வாசலிலேயே கொட்டிவிட்டுப் போயிருந்தார்கள்.
அதன்மேல் ஏறித்தான் வந்தது மாதம்மாவின் வண்டி,
மூன்று சக்கரம், மூன்று சிவப்புக் கோடு
எங்கள் படிக்கட்டு வரைக்கும்.
"மந்திரிக்குத்தான் விரிப்பாங்களா சிவப்புக் கம்பளம்?"
கையைத் துடைத்துக்கொண்டு கணக்கு வாசித்தாள்.
இருப்பு மூவாயிரத்து நானூற்றுப் பன்னிரண்டு.

தலைவர் திம்மராயன் வரவில்லை,
ஓசூரில் மகள் வீட்டுப் பால்காய்ச்சு.
அமலநாதன் சார் டயாலிசிஸுக்குத் தர்மபுரி போயிருந்தார்.
ஐந்து பேர் இருந்தால்தான் கோரம்.
எண்ணினேன்:
மாதம்மா, ஜபியுல்லா பாய்,
தொப்பூர் கணவாயில் லாரியோடு ஒரு காலையும் விட்டுவந்த
காவேரியப்பன்,
மண்டியில் தரம் பிரிக்கும் முனிரத்தினம், நான்.
முனிரத்தினத்துக்குக் கையால் சொல்லும் மகள்
போலீஸ் பரீட்சைக்குப் போய்விட்டாள்.
ஐந்து. கூட்டம் தொடங்கியது என்று எழுதினேன்.

தாலுகா ஆபீஸ் சாய்தளம்.
தையல் டேப்பால் அளந்து வந்திருந்தார் காவேரியப்பன்.
இரண்டரை அடி உயரத்துக்கு ஏழடி நீளம்.
"இதுக்குத் தொப்பூரே தேவலை,
அங்க கியராவது மாத்தலாம்."
சிரித்தோம்.
எங்களைப் பார்த்துவிட்டு, கொஞ்சம் பிந்தி,
முனிரத்தினமும் சிரித்தார்.

அடுத்து, மாங்கூழ் ஆலைக்காரர் தரும் இரண்டு லட்சம்.
அவர் மண்டபத்தில் விழா,
பன்னிரண்டு சக்கர நாற்காலி, முதுகில் அவர் பெயர்,
மேடையில் எல்லாரையும் உட்கார வைத்துப் போட்டோ.
மேடைக்கு நாலு படி.
"தூக்கிடுவாங்களாம்" என்றேன்.

மாதம்மா நோட்டை மூடினாள்.
"போன தடவை தூக்கினப்ப
மாராப்பு விலகின படம்தான் பேப்பர்ல வந்துச்சு.
மண்டியில மூட்டையைத் தூக்கக்கூட
தூக்கட்டுமான்னு ஒரு வார்த்தை கேக்குறான்."
ஜபியுல்லா பாய் சொன்னார்:
"கேமராவைப் பாருங்கன்னு என்கிட்டயே சொல்லுவாங்க.
நான் வரலை."
காவேரியப்பனுக்குக் கோபம்.
ரோஷத்தைக் கொடுத்தால் எவன் ரூம் தருவான்,
தரையோடு தரையாக ஓர் அறை, நாலு வருஷ வாடகை,
வேண்டாமா?

வேண்டும் என்று நானும் கை தூக்கினேன்.
ஒன்பது வயதிலும் கழுத்து நிற்காத என் மகனுக்கு
அந்தப் பன்னிரண்டில் ஒன்று பொருந்தும் என்று நினைத்தேன்.
அதை நோட்டில் எழுதவில்லை.

இரண்டுக்கு இரண்டு.
'தலைவர் வரும்வரை ஒத்திவைக்கப்பட்டது'
என்று முடிக்கப் போனேன்.
என் விரலிலிருந்து பேனா போய்விட்டது.
தக்காளிப் பெட்டியில் குறி போடுகிற அழுத்தத்தில்
எனக்குக் கீழே எழுதினார் முனிரத்தினம்:
நான் அஞ்சாவது.

தராசில் யாரோ யூரியா மூட்டையை வைத்தார்கள்.
அது ஆடி நிற்கும்வரை
யாரும் பேசவில்லை.
கோரத்துக்கு அவரை எண்ணியவள் நான்தான்.

உரக்கடையில் பழைய பில் புத்தகம் கேட்டு வாங்கினேன்.
பின்பக்கத்தில் பெரிய எழுத்தில்
முதலிலிருந்து எழுதிக் கொடுத்தேன்,
இருப்பு, டேப், ஏழடி, தொப்பூர்.
படித்தார்.
கியர் வந்த இடத்தில் அவர் மட்டும் சிரித்தார்,
நாங்கள் காத்திருந்தோம்.
பிறகு மாதம்மா பேனாவை வாங்கி
மாராப்பு விஷயத்தை அவளே எழுதினாள்,
யாருக்கும் காட்டாமல் அவருக்கு மட்டும் நீட்டினாள்.

மினிட் நோட்டில் பத்தரையை அடித்தேன்.
கூட்டம் தொடங்கிய நேரம்:
ஒன்றே கால்.