மீந்த சரக்கு

நாலு சொல். வெள்ளை மை. கருநீலத் துணி.
எழுத்து நேராக விழுந்தால் போதும்,
அர்த்தம் வாங்குகிறவன் பாடு.
அங்கேரிபாளையத்தில் என் பட்டறையில்
ஒன்பது வருடமாக இப்படித்தான்
தெரியாத மொழிகளை அச்சடித்துக் காயவைக்கிறேன்.

"பிரான்சுக்குங்க மாப்ள, எலெக்‌ஷன் சரக்கு" என்றான்
ஏஜென்ட் நல்லமுத்து.
"மொத லாட்டு ஏரோப்ளேன்ல போயிருச்சு.
இது ஜெயிச்சாப் போடறதுக்கு. நாலாயிரம் பீஸ்."

பிரான்சில் என் தங்கை இருக்கிறாள், கோகிலவாணி.
ஊர் பேர் ரூபே.
ஏடிஎம் அட்டையைச் சொல்கிறோம் என்றே
அம்மா வெகுநாள் நினைத்திருந்தாள்.
ஒரு காலத்தில் அங்கே ஆயிரம் புகைபோக்கியாம்.
ஆலைகள் மூடி, வேலை கப்பலேறி
எங்கெங்கோ போனதில்
கொஞ்சம் எங்கள் ஊருக்கும் வந்தது.
அவளுக்குச் சாயம் போகிறதா என்று பார்க்கிற உத்தியோகம்.
துவைத்து, தேய்த்து, விளக்கடியில் வைத்து
ஒன்றிலிருந்து ஐந்துவரை மார்க் போடுவாள்.
பத்து வருட அட்டை.
வரி உண்டு, ஓட்டு இல்லை.

சட்டையைப் படம் பிடித்து அனுப்பினேன், பெருமைக்குத்தான்.
இரண்டு நீல டிக். பதில் இல்லை.
ராத்திரி கூப்பிட்டாள்.
"என்ன எழுதியிருக்குதுன்னு தெரியுமாண்ணா?
'நாம இருக்கறது நம்மூட்டுல.'"
"நல்லாத்தான அம்மிணி இருக்குது?"
"எங்களப் பாத்துக் கத்தறது அது."

அத்தோடு அச்சை நிறுத்திவிட்டேன் என்று எழுத ஆசைதான்.
சனிக்கிழமை கூலி போடணும்.
நிறுத்தவில்லை.

ஞாயிறு ராத்திரி பதினொன்றரை.
அங்கே எட்டு, இன்னும் வெயில்.
போனை டிவி பக்கம் சாய்த்து வைத்திருந்தாள்.
கீழ்வீட்டு மதாம்,
முப்பது வருடம் தறியில் நின்றவள்,
இவளுக்குக் காய்ச்சல் என்றால் சூப்போடு படியேறி வருகிறவள்,
அவளும் அவர்களுக்குத்தான் போட்டாளாம்.
"உன்னைச் சொல்லவில்லை" என்றாளாம்
கையைப் பிடித்துக்கொண்டு.

அந்த வாக்கியத்தை நான் அறிவேன்.
போன மாதம் பேக்கரி வாசலில்
"வடக்கத்தியானுக வந்து ஊரே நாறிப்போச்சு" என்று பேசிவிட்டுத் திரும்பினால்
டீ டம்ளரோடு திபாகர் பிசோயி.
என் டேபிளில் ஸ்கிரீன் இழுக்கிற கஞ்சம் ஜில்லாக்காரன்.
"உன்னயச் சொல்லுலடா" என்றேன்.
கையைக்கூடப் பிடிக்கவில்லை.

டிவியில் கட்டங்கள் ஏறின.
மூன்றாம் இடம்!
மாடியில் அல்ஜீரியாக்காரர் வீட்டில்
யாரோ குண்டாவைத் தட்டினார்கள்.
படிக்கட்டில் செனகல் பையன்களின் கூச்சல்,
அவர்களுக்கும் அட்டைதான், ஓட்டில்லை.
கோகிலா மட்டும் எழவில்லை.
"தோத்துட்டானுகல்ல, அப்பறமென்ன?"
"போன தடவைக்கு இப்ப சீட்டு ஜாஸ்திங்ணா."
"செரி, நீ எத்தன மார்க் போடுவ?"
ஜன்னல் பக்கம் பார்த்தாள், துணியைப் பார்க்கிற மாதிரியே.
"மூணு.
இன்னும் ரெண்டு தொவைப்புத் தாங்கும்."

திங்கட்கிழமை நல்லமுத்து போனை எடுக்கவில்லை.
செவ்வாய்க்கிழமை எடுத்தான். ஆர்டர் கேன்சல்.
காதர்பேட்டையில் பீஸ் முப்பத்திரண்டு என்று அள்ளிக்கொண்டார்கள்,
என்ன எழுதியிருக்கிறது என்று யாரும் கேட்கவில்லை.
பத்து பீஸ் எடுத்துவைத்துப் பட்டறைக்கே கொடுத்தேன்.

அடுத்த ஞாயிறு ஸ்டேஷன் பக்கம் போனால்
ரீசார்ஜ் கடை முன்னால், பிரியாணி வரிசையில்,
தன்பாத் ரயிலில் வந்து இறங்குகிற தம்பியைத் தேடும் கூட்டத்தில்
எங்கு பார்த்தாலும் கருநீலம்.
நெஞ்சுக்கு நெஞ்சு என் வெள்ளை மை,
நாம இருக்கறது நம்மூட்டுல,
நாம இருக்கறது நம்மூட்டுல.

திபாகரும் நின்றான்.
சட்டையைக் குனிந்து பார்த்து
"அண்ணா, இது என்னா எழுதிருக்கு?" என்றான்.

தொண்டைவரை வந்தது.

"கம்பெனி பேருடா."

"பெரிய கம்பெனியாண்ணா?" என்று
எழுத்தை உள்ளங்கையால் நீவிக்கொண்டான்.