முதலில் காற்று வரும்

மல்லாந்து படுத்திருக்கிறேன்
என்செலாடஸின் கழுத்துக்குள்.
ஒன்றரை அங்குலக் குழாய், பசை டப்பா,
பல்லில் கடித்த டார்ச்.
அவன் வாய் வழியே தெரிகிறது
ஏற்காட்டு வானம், ஒரு தோசைக்கல் அளவு.

கிரேக்கத்து அரக்கனாம்.
தேவர்களோடு மோதித் தோற்று ஓடியவன் மேல்
ஒரு தீவையே தூக்கிப் போட்டாளாம்
பெண்தெய்வம் ஒருத்தி.
அவன் புரண்டால் பூமி ஆடும்,
பெருமூச்சு விட்டால் மலை நெருப்புக் கக்கும்.

ரிசார்ட் முதலாளி ஜெரால்டு செல்போனில் காட்டினார்:
பழைய சாடியில் அவன் வெறும் ஆள் உயரம்,
கேடயத்தோடு சரிகிற சிப்பாய்.
இரண்டாயிரத்துச் சொச்சம் வருடம் கழித்து
பிரெஞ்சு ராஜா தோட்டத்துக் குளத்தில்
பொன் பூசி, பாறைகளுக்கு இடையே
தலையும் தோளும் விரிந்த கையுமாக,
வாயிலிருந்து வானத்துக்குத் தண்ணீர்.
தோற்ற பிறகுதான் வளர்ந்திருக்கிறான்.

சிலை செய்தவர் மாதையன்.
சேலத்தைச் சுற்றி முப்பது முனியப்பன்களை
உட்கார வைத்தவர்.
"அருவா குடு, மொறைக்க வெக்கிறேன்.
விழுந்து கெடக்கறவனுக்கு
மொகம் எப்பிடி வெக்கிறது?"
மூன்று நாள் பீடி குடித்தார்.
நான்காம் நாள் மீசை இல்லாமல் முடித்தார்.
கண்ணில் மட்டும் கைப்பழக்கம் விடவில்லை:
உருட்டிய விழி, ஓரத்தில் சிவப்புக் கோடு.

தலை தனியாக, கை தனியாக
இருபது கொண்டை ஊசியும் லாரியில் ஏறினான்.
பதினாலாவது வளைவில் ஒரு குரங்கு
உள்ளங்கையில் குந்திக்கொண்டு
மேலே வரைக்கும் இறங்கவில்லை.

மோட்டார் போட்டோம்.
தண்ணீருக்கு முன்னால் காற்று வரும்,
எந்தக் குழாயிலும் அப்படித்தான்.
இவனுக்குத் தொண்டை பெரிது.
ஒரு செருமல். கொஞ்சம் நிறுத்தி,
அடிவயிற்றிலிருந்து எதையோ
சொல்ல வாயெடுத்த மாதிரி.
மாதையன் தோள் துண்டை எடுத்து
இடுப்பில் கட்டிக்கொண்டார்.
பிறகுதான் தண்ணீர். கைதட்டினார்கள்.

"சத்தம் வேண்டாம்ப்பா, கெஸ்ட் பயந்துக்குவாங்க."
சின்ன வேலைதான். ஒரு நான்-ரிட்டர்ன் வால்வு
போட்டுவிட்டால் நீர் குழாயிலேயே நிற்கும்,
காற்று உள்ளே நுழையாது.
நானூற்று எண்பது ரூபாய். பில்லில் எழுதிவிட்டேன்.
அது தப்புதான்.

கடைசி பஸ்ஸில் இறங்குகிறேன்.
கீழே சேலம் விளக்குகள் சாய்ந்து சாய்ந்து வருகின்றன.
வால்வு மடியில், டப்பா பிரிக்காமல்.
மேலே, இருட்டில்,
அவனுக்குள் தண்ணீர் மெல்ல வடிந்துகொண்டிருக்கும்.
காலை ஏழு மணிக்குத் தோட்டக்காரன்
சுவிட்சைத் தட்டுவான்.
அவனுக்கென்று
நாலு நொடி.