பல்புக்குப் பக்கத்தில்

நானுஓயாவில் ஆறு மணிக்கே பனி இறங்கிவிடும்.
கூண்டுக்குள் நாற்பது வாட்ஸ் பல்பு, ஒன்றுதான்.
அதனருகே யார், அடுத்து யார் என்று
பதினொரு ஃபின்ச் குருவிகளுக்கும் தெரியும்.

கம்பு முடிகிற மூலையில் ஒருத்தி.
பிடரியில் இறகே இல்லை,
தோல்,
நெருப்புக்குச்சி முனையளவு ரத்தம்.
தினைத் தட்டை இரண்டாக்கிப் பார்த்தேன்.
பெரியவன் இரண்டுக்கும் காவல் நின்றான்.

பிரித்து வையுங்கள் என்றாள் சந்தனமேரி.
பழைய கிளிக்கூண்டு, பஞ்சு, தினை,
அவளுக்கே அவளுக்கென்று ஒரு பல்பு.

தின்னவில்லை.
இரவு முழுக்கக் கூப்பிட்டாள்,
கொத்தினவர்களைத்தான்.
அந்தப் பக்கமிருந்தும் பதில் வந்தது.
அதுதான் எனக்கு விளங்கவில்லை.

வியாழக்கிழமை
மூலைக் கம்பில் வேறொருத்தி,
பிடரியில் இரண்டு மூன்று இறகு குறைவு.

கதவோடு கதவு வைத்துத் திறந்தேன்.
தயங்கக்கூட இல்லை,
நேரே போய் மூலையில் உட்கார்ந்தாள்.
பெரியவன் வந்து ஒரு கொத்து,
பெயர் பதிகிற மாதிரி.

பெரட்டு மணி அடித்தது.
செக்ரோலைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு
மழையில் இறங்கினேன்.
நேற்று நான் அரைப்பேர் போட்டவர்கள்
எங்கே நிற்பார்கள் என்று
தேட வேண்டியதில்லை.