மைக்ரான் கணக்கு

சித்ராவில் எண்ணெய்த் தொட்டிகளுக்குப்
பூச்சின் தடிமன் பார்ப்பது என் வேலை.
காந்த முனையை இரும்பில் வைத்தால் எண் வரும்.
முந்நூற்றிருபது. முந்நூற்றுப் பத்து.
கடலைப் பார்த்த வளைவில் மட்டும்
இருநூற்று நாற்பது.
எழுதிக்கொள்வேன்.
உப்புக்காற்று யாரிடமும் கேட்டுக்கொண்டு வீசுவதில்லை.

அன்றைக்கு முடிவெட்டும் கடை வாசலில்
கைபேசியை நீட்டினேன்.
முந்தாநாள் வரை பச்சையாயிருந்த கேடயம்
மஞ்சளாகியிருந்தது.
வாசலில் நின்ற தில் பகதூர்
சட்டையில் கறை என்று சொல்வதுபோல
மெதுவாகச் சொன்னான்:
"பாய், மஞ்சள்."

உடம்பில் ஒன்றும் மாறின மாதிரி இல்லை.
அதே பருப்பு, அதே தோள்வலி.
ஆறு மாசமாக எனக்குள் ஏதோ
மைக்ரான் மைக்ரானாய்க் கரைந்திருக்கிறது,
எந்த மீட்டரும் கத்தவில்லை.

கேம்ப்பில் பேச்சு வேறு.
"ரெண்டு ஊசி போட்ட யேசுவடியானுக்கே வந்திருச்சு,
அப்புறம் மூணாவது என்னத்துக்கு?"
என்றான் சங்கிலி.
நான் வெங்காயம் நறுக்கிக்கொண்டிருந்தேன்.

யேசுவடியான் கீழ்க்கட்டிலில்
ஐந்து நாள் கிடந்தான்.
நாக்கு செத்துப்போச்சு என்று
ஊறுகாயை விரலால் வழித்து வழித்துப் பார்த்தான்.
ஆறாம் நாள்
தன் ஹெல்மெட்டை எவனோ மாட்டிக்கொண்டு போய்விட்டான் என்று
நாலு அறைக்குக் கேட்கிற மாதிரி
கெட்ட வார்த்தையில் திட்டினான்.

அதே கீழ்க்கட்டில்.
ஊசி வராத வருஷத்தில்
அதில் படுத்திருந்தவர் ராசய்யா.
ஒன்பதாம் நாள்
வெள்ளை உடுப்பில் வந்து கூட்டிப்போனார்கள்.
சார்ஜரை விட்டுவிட்டாரே என்று
பின்னாலேயே ஓடினேன்.
வண்டிக் கதவை மூடிவிட்டார்கள்.
அது இன்னும் என் அலமாரியில்தான் கிடக்கிறது.
இப்போதைய போன் எதற்கும் பொருந்தாது.

பதினேழாம் நம்பர் தொட்டி ஒன்று உண்டு.
மேல்பூச்சு செதில் செதிலாக உதிர்ந்து
ஃபோர்மேன் தலையில் கைவைத்த தொட்டி.
சுரண்டிப் பார்த்தேன்.
அடியில் சாம்பல் நிறத்தில் துத்தநாகம்
தன்னைத் தின்னக் கொடுத்துவிட்டு
இரும்பைக் காத்துக்கொண்டிருந்தது.
எங்கும் ஓட்டை விழவில்லை.
அறிக்கையில் எழுதினேன்:
பூச்சு தேய்ந்திருக்கிறது.
தொட்டி நிற்கிறது.
மறுபூச்சு தேவை.
மூன்றில் எதைப் படித்தாலும்
மற்ற இரண்டும் பொய்யாவதில்லை.

சங்கிலிக்கு இதைச் சொல்லியிருக்க வேண்டும்.
பிறகு பஸ்ஸில் சொன்னேன்.
பாதியிலேயே வாய் திறந்து தூங்கிவிட்டான்.

வெள்ளிக்கிழமை, மாலின் மூடிய கடைகளுக்கு நடுவே
நீளமாக வரிசை.
மணிலாக்காரப் பெண், சட்டையில் மரிசெல் என்று பெயர்,
எந்தக் கை என்று கேட்டாள்.
வேலைக்கு வேண்டாத கை எது என்று யோசித்தேன்.
அப்படி ஒன்று என்னிடம் இல்லை.
இடதைக் கொடுத்தேன்.

திரும்பும்போது வரிசையின் கடைசியில்
சங்கிலி,
தரையில் ஏதோ தேடுகிறவன் மாதிரி
குனிந்துகொண்டான்.
நானும் பார்க்காத மாதிரி நடந்தேன்.

பச்சையாக இரண்டு வாரமாகுமாம்.
வளரட்டும், முடிதானே.