அறுபத்தொரு சென்டிமீட்டர்

"எல்லோருக்கும் ஏற்ற வீடு" என்றுதான்
முதலில் எழுதியிருந்தேன்.
பீக்கோ தீவில் கருங்கல் வீடு, சிவப்புக் கதவு,
ஜன்னலைத் திறந்தால் ஃபயால் தீவு,
நடுவில் அரைமணிப் படகுத் தூரம் கடல்.
பொய் சொல்கிறோம் என்று தோன்றவே இல்லை.
எனக்கு ஏற்றதாக இருந்தது.

ஜூன் மாதம் கெண்ட் நகரிலிருந்து அன்னலீன் வந்தாள்.
அவள் சக்கர நாற்காலி அறுபத்து நான்கு.
என் குளியலறைக் கதவு அறுபத்தொன்று.
குறைந்தது மூன்று சென்டிமீட்டர்,
இரண்டு விரற்கடைகூட இல்லை.
மூன்று நாளும் சமையலறைத் தொட்டியில் முகம் கழுவினாள்.
மீதிக்கு என்ன செய்தாள் என்று
நான் கேட்கவில்லை.
காலையும் மாலையும் டாக்சி பிடித்து
படகுத்துறைக் கழிப்பறைக்குப் போய்வந்ததை
ரொட்டிக் கடை டியோலிண்டா பார்த்திருக்கிறாள்.

போகும்போது சண்டை போடவில்லை.
மேசைமேல் சாவியை வைத்தாள்.
பக்கத்தில் ஒரு அளவுநாடா,
மஞ்சள் நிறம், முதல் பத்து எண்கள் தேய்ந்தது.
மறந்துவிட்டாள் என்று படகுவரை ஓடினேன்.
"மறக்கவில்லை" என்றாள்.

அந்தக் குளிர்காலம் முழுக்க மழை.
முப்பது வருடம் குடியிருந்த வீட்டை
தரையில் தவழ்ந்து தவழ்ந்து அளந்தேன்.
இப்போது எழுதியிருப்பது இது:

படகுத்துறையிலிருந்து நானூறு மீட்டர்.
கடைசி நாற்பது மீட்டர் எரிமலைக் கல் பாவியது.
சக்கரம் துள்ளும். ஊன்றுகோல் இடுக்கில் மாட்டும்.
மழையில் நானே விழுந்திருக்கிறேன், இருமுறை.

வாசலில் ஒரு படி, பதினொரு சென்டிமீட்டர்.
பலகை உண்டு. ஆடும்.

குளியலறைக் கதவு இப்போது எண்பத்தைந்து.
சுவரை இடித்தவன் என் மைத்துனன் விர்ஜீனியோ.
கைப்பிடி வலப்பக்கம் மட்டும்;
இடப்பக்கம் கல் உதிர்கிறது, ஆணி நிற்கவில்லை.
இடக்கையை நம்பியிருப்பவர்கள்
முன்கூட்டியே சொல்லுங்கள், சேர்ந்து யோசிப்போம்.

கட்டில் ஐம்பத்திரண்டு உயரம்.
தூக்கும் கருவியின் கால்கள் அடியில் நுழையும்.
மாடிக்கு ஏணிப்படிதான். அழகான அறை.
அதன் படத்தை முதலில் போடுவதை நிறுத்திவிட்டேன்.

காது கேளாதவர்களுக்கு:
தீ எச்சரிக்கை விளக்கோடு மின்னும்.
தலையணைக்கடியில் அதிரும் கருவி இன்னும் வாங்கவில்லை,
காசு சேர்கிறது.

மார்ச் முதல் அக்டோபர் வரை
இருட்டியபின் கடற்பறவைகள் பாறைப் பொந்துக்குத் திரும்பும்.
கைக்குழந்தையும் குடிகாரனும்
ஒரே தொண்டையில் கத்துவதுபோல் இருக்கும்.
நிறுத்த முடியாது.
சத்தம் தாங்காத பிள்ளையோடு வருகிறவர்கள்
நவம்பரில் வாருங்கள், பாதி வாடகை.

இதைப் படித்துவிட்டு
கோயிம்ப்ராவிலிருந்து ஃபௌஸ்தினோ என்பவர் கூப்பிட்டார்.
பார்வை இல்லாதவர். மே மாதம்தான் வேண்டும் என்றார்.
"எல்லோரும் எனக்கு ஜன்னலையே விற்கிறார்கள்.
அந்தப் பறவை
வீட்டுக்கு எந்தப் பக்கம்?"
தெரியவில்லை.
வெளியே போய்க் கண்ணை மூடிக் கேட்டுவிட்டு வந்து
மேற்கு என்றேன்.
பிறகு, வடமேற்கு.

முதல் கோடையில் ஆட்கள் குறைந்தார்கள்.
"குறையை எழுதியே வீட்டைக் கெடுக்கிறாய்,
பெண் பார்க்க வந்தவர்களிடம்
பல்வலிக் கதை சொல்வாயா?"
என்கிறாள் டியோலிண்டா,
மீதிச் சில்லறையை எண்ணியபடி.
அவள் கடை வாசலில் இரண்டு படி.
பதினேழு, பதினெட்டு.
இன்னும் சொல்லவில்லை அவளிடம்.

பிப்ரவரியில் அன்னலீனிடமிருந்து ஒரே வரி:
"பலகை எவ்வளவு ஆடும்?"

நாடாவை விரித்தேன், சுருட்டினேன்.
பலகைமேல் ஏறி நின்றேன், இறங்கினேன்.
"மறுமுனையை நான் மிதித்துக்கொள்கிறேன்,
பயப்பட வேண்டாம்" என்று எழுதினேன்.
படித்துப் பார்த்தேன்.
அவள் வெளியே போக நினைக்கும் ஒவ்வொரு முறையும்
என் கால் அங்கே இருக்க வேண்டும்.
அழித்தேன்.

விர்ஜீனியோ சிமென்ட் மூட்டையோடு வந்திருக்கிறான்.
பதினொரு சென்டிமீட்டர் ஏற
ஒன்றரை மீட்டர் சாய்வு வேண்டுமாம்.
ரோஜாச் செடியை எடுக்க வேண்டியிருக்கும்.
காய ஒரு வாரம்,
மழை விட்டால்.